இரண்டாவது தூண்

மார்ச் 4, செவ்வாய்

பதினான்கு மாதம் கழித்துப் பழைய பம்ப் ஹவுஸுக்கே என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேல்நிலைத் தொட்டியடியில் உட்கார்ந்து காற்று வாங்கிய காலம் முடிந்தது. இனிமேல் காலை ஆறு முதல் இரண்டு வரை ஆற்றங்கரைதான். இரண்டு மோட்டார், ஒரு பதிவேடு, தலைக்கு மேலே பாலம்.

நான் இல்லாத நாட்களில் இரண்டாம் ஷிப்ட்காரர் வைத்ததுதான் சட்டம் போல. எந்த வால்வு எந்தத் தெருவுக்கு என்று நான் எழுதி ஒட்டியிருந்த சீட்டு ஒன்றுகூட இல்லை. கேட்டால், "எல்லாம் என் மண்டையில இருக்கும்மா" என்கிறார். அந்த மண்டைக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் பாதி ஊர் குளிக்காது. வந்த முதல் நாளே சண்டை வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் புதிதாக எழுதி ஒட்டினேன். பசை தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாங்க வேண்டும்.

மார்ச் 5, புதன்

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு எழுத உட்காருகிறேன். பேனாவை அழுத்தி இரண்டு தடவை பேப்பரைக் கிழித்துவிட்டேன். கோபத்தில்தான். பயத்தில் என்று இப்போதைக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆற்றுக்குள் நீளும் இரும்பு நடைமேடையின் கடைசியில் சல்லடை இருக்கிறது. மணிக்கு ஒரு தடவை போய், குப்பை அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அங்கே நின்றால் பாலத்தின் இரண்டாவது தூண் இருபது அடி தூரத்தில். மேலே போகிறவர்களுக்குப் புதுத் தாரும் பெயின்ட் அடித்த கைப்பிடியும்தான் தெரியும். அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது நானும் சில மீன்களும் மட்டும்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தூணின் தலையில், விட்டங்கள் வந்து உட்காருகிற இடத்தில், பென்சில் நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல் பார்த்தேன். நானே சாலைத் துறை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, தெருவில் பதினாறு பேரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். அப்புறம் எனக்கு மாற்றல் வந்தது. போன வருஷம் பதிலும் வந்தது: "தாங்கள் குறிப்பிட்ட தூண் சீர்செய்யப்பட்டது." அதைப் பீரோவில் பத்திரமாக வேறு வைத்திருக்கிறேன், அசடு.

இன்று பார்க்கிறேன் – விரிசல் அப்படியே இருக்கிறது. அப்படியே என்ன, கையே நுழையும். ஒரு ஓரம் முழுக்கக் கான்கிரீட் பெயர்ந்து கம்பிகள் தெரிகின்றன. துரு வழிந்து தூண் நெடுக இறங்கியிருக்கிறது. மூன்றாவது தூணுக்கோ பளபளவென்று புதுச் சட்டை! அதற்கு ஒரு குறையும் இருந்ததில்லை. ஆனால் அது மணல் திட்டில் நிற்கிறது, கால் நனையாமல் வேலை பார்க்கலாம். இரண்டாவது ஆழத்தில் நிற்கிறது. புரிகிறது. நன்றாகவே புரிகிறது.

அந்தத் தூணின் மேல் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார்.

மார்ச் 6, வியாழன்

இவரிடம் சொன்னேன். கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"பாலம்னா கொஞ்சம் வெடிக்கும். எனக்குக்கூடத்தான் குதிகால் வெடிச்சிருக்கு. நான் விழுந்துட்டேனா?"

"உங்க குதிகால் மேல அம்பது பேர் ஏறி உட்கார்ந்திருக்காங்களா?"

"சரிங்க, இன்ஜினியரம்மா."

சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இந்த மனுஷன் பயந்து நான் பார்த்ததே என் அம்மா வீட்டு வாசலில்தான்.

மார்ச் 8, சனி

பாலத்தில் ஏறும்போது இவர் எனக்காக ஒரு சின்ன ஹாரன் அடிப்பார். பிறகு இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும், ஆறு தடவை 'தடக்'. இன்று பதிவேட்டில் பிரஷர் எழுத வேண்டிய கட்டத்தில் 'ஆறு' என்று எழுதியிருக்கிறேன். அடித்துத் திருத்தினேன்.

மார்ச் 11, செவ்வாய்

பத்தேகாலுக்குக் கல் லாரி ஒன்று போனது. சல்லடையில் சிக்கிய பையை இழுத்துக்கொண்டிருந்தேன். தலையணை அளவுக்கு ஒரு கான்கிரீட் துண்டு என் கண் முன்னாலேயே கழன்று தண்ணீரில் விழுந்தது. முகமெல்லாம் நனைந்துவிட்டது. நடைமேடைக் கம்பியை எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை.

சாலைத் துறை அலுவலகத்துக்குப் போன் போட்டுப் பொறியாளரைக் கேட்டேன். முதல் தடவை, "மேடம் சைட்ல இருக்காங்க." இரண்டாம் தடவை, "மேடம் மீட்டிங்ல இருக்காங்க." மூன்றாம் தடவை, "நீங்க யாரு?" என்றார்கள்.

"பாலத்துக்குக் கீழே நிக்கிறவ" என்றேன். வைத்துவிட்டார்கள்.

மார்ச் 13, வியாழன்

ஷிப்ட் முடிந்து நேரே சாலைத் துறை அலுவலகம். அது அக்கரையில் இருக்கிறது. கையில் அந்தப் பதில் கடிதம். பொறியாளர் சின்னப் பெண், முப்பது இருக்கும். இங்கே வந்து நான்கு மாதம்தான் ஆகிறதாம். உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எனக்குக் கோபம் குறைந்துவிடும்.

கோப்பைத் திறந்து ஒரு போட்டோ காட்டினாள். புதுச் சிமென்ட் பூசிய தூணின் ஒரு பக்கம், அதற்கு முன்னால் பலகை பிடித்த ஒரு கை. பலகையில் 'தூண் எண் 2'.

"வேலை முடிஞ்சிருக்கும்மா. சரிபார்த்துக் கையெழுத்தும் போட்டிருக்காங்க."

"பலகையில ரெண்டுன்னு எழுதி எந்தத் தூண் முன்னாடி வேணும்னாலும் பிடிக்கலாம். தண்ணியில இறங்க வலிச்சுது, மணல்ல நின்னதுக்குப் பூசிட்டு வந்துட்டாங்க. யார் காதுல பூ சுத்துறீங்க?"

"நீங்க சொல்றது பெரிய குற்றச்சாட்டு. எழுதிக் கொடுங்க, விசாரிக்கிறேன்."

"எழுதித்தான் ஏற்கெனவே கொடுத்தேனே! அதுக்குத்தான் இந்த லட்சணம்!"

அப்புறம் நான் என்னென்னவோ பேசினேன். மொத்த அலுவலகமும் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது. அவள் கோப்பை மெதுவாக மூடி வைத்தாள். முகம் சிவந்துபோனது. 'திருட்டுக் கூட்டம்' என்றுகூடச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். நினைப்பென்ன, சொன்னேன்.

மார்ச் 14, வெள்ளி

இன்று யாராவது பார்க்க வருவார்கள் என்று மணிக்கு இரண்டு தடவை படியை எட்டிப் பார்த்தேன். யார் வருவார்கள், திருட்டுக் கூட்டம் என்று சொன்ன பிறகு?

மார்ச் 16, ஞாயிறு

நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். இவருடைய தங்கை. அவள் வீடும் அக்கரையில்தான், மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் ஆறு முழுக்கத் தெரியும். நான் பாலத்தை நடந்தே தாண்டினேன். இவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார். "நீ நடந்தா மட்டும் பாலத்துக்கு வலிக்காதா?" என்று வழி நெடுகக் கிண்டல்.

சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல என் புலம்பலை ஆரம்பித்தேன். நாத்தனார் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

"பாசி பிடிச்சுக் கிடக்குமே, அந்த மூணாவது தூணைத்தானே சொல்றீங்க, அண்ணி?"

"மூணாவதுக்கு என்ன கேடு? அது நல்லாத்தான் இருக்கு. நான் சொல்றது ரெண்டாவது."

"ரெண்டாவதுக்குத்தான் போன வருஷமே பூசிட்டாங்களே. துணி காயப்போட்டுக்கிட்டே தினமும் பார்த்தேன்."

"உனக்குக் கண்ணு சரியில்ல."

"எனக்குக் கண்ணு சரியில்லையா? உங்களுக்குத்தான் எண்ணத் தெரியல!"

"ரெண்டு பேரும் சும்மா இருங்க," என்றார் இவர். "இருக்கிறதே நாலு தூண். அதுக்கு இவ்ளோ பெரிய சண்டையா?"

விடுவேனா? அவள் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். இவரும் வந்தார். "எண்ணு" என்றேன். அவள் விரலை நீட்டினாள், தன் வீட்டுக் கரையிலிருந்து. ஒண்ணு. ரெண்டு. அந்த ரெண்டு, மணல் திட்டில் புதுச் சட்டையோடு நின்றது. மூணு என்று அவள் சொன்னது, என் நடைமேடைக்குப் பக்கத்தில் துரு வழிய நின்றது.

திறந்த வாய் எனக்கு மூடவில்லை.

"எனக்குப் போறப்ப ஒரு கணக்கு, வர்றப்ப ஒரு கணக்கு," என்றார் இவர். சொன்னவரே சிரிக்கவில்லை.

அலுவலகமும் அந்தக் கரையில்தானே இருக்கிறது. அவர்களுக்குப் பாலம் அங்கே ஆரம்பிக்கிறது, எனக்கு இங்கே. கடிதத்தில் 'இரண்டாவது தூண்' என்று மட்டும் எழுதினேன். பதினாறு பேர் படித்துக் கையெழுத்துப் போட்டார்கள். எல்லாரும் இந்தக் கரைக்காரர்கள், ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அங்கே வாங்கிப் படித்தவர்கள் எல்லாரும் அந்தக் கரைக்காரர்கள். அவர்களுக்கும் வரவில்லை.

ஐயோ, என் கையால எழுதின கடிதம். 'எங்கள் கரையிலிருந்து' – ரெண்டே ரெண்டு வார்த்தை. அதை எழுத எனக்கு என்ன கேடு? வால்வுக்கெல்லாம் சீட்டு ஒட்டுறவ, அடுத்தவன் மண்டையைக் கேலி பண்றவ! எந்த மூஞ்சியோட அந்தப் பொண்ணைத் திருட்டுக் கூட்டம்னு சொன்னேன்? போட்டோவை ஒரு நிமிஷம் நிதானமாப் பார்த்திருந்தா, கத்தாம இருந்திருந்தா, அன்னிக்கே புரிஞ்சிருக்குமே. என் தப்பால இந்த மனுஷன் இத்தனை நாளா – ஒரு நாளைக்குப் பன்னிரண்டு. வேண்டாம். பெருக்கிப் பார்க்க மாட்டேன்.

திரும்பும்போது இவர் ஸ்கூட்டரை மேற்கே திருப்பினார், பழைய பாலம் வழியாக. பதினெட்டு கிலோமீட்டர் சுற்று. நாளைக்கு லீவு போடுங்கள் என்று கெஞ்சினேன்.

"நான் லீவு போட்டா வேற ஒருத்தர் ஓட்டுவார். யார் ஓட்டுறாங்கன்னா பார்க்கப்போகுது பாலம்? நீ காலையில முதல் வேலையா அந்தப் பொண்ணைப் போய்ப் பாரு."

மார்ச் 17, திங்கள்

கை ஓய்ந்துபோயிருக்கிறது. ஆனாலும் இதை இன்றே எழுதியாக வேண்டும்.

இரண்டாம் ஷிப்ட்காரரைப் பத்து மணிக்கே வரச் சொன்னேன். ஏன் என்றுகூடக் கேட்காமல் வந்தார். அவர் மண்டையைப் பற்றி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். அலுவலகத்தில் என்னைப் பார்த்ததும் பொறியாளர் எழுந்து நின்றுவிட்டாள். பாவம், இன்னொரு ரவுண்டு என்று நினைத்திருப்பாள்.

"இன்னிக்கு நான் உட்கார்றேன்" என்றேன். "என் பழைய கடிதத்தை எடுங்க."

எடுத்தாள். சொன்னேன். எங்கள் கரையிலிருந்து இரண்டு, உங்கள் கரையிலிருந்து மூன்று. பாலத்தின் வரைபடத்தை விரித்து விரலை வைத்து எண்ணினாள், இந்தப் பக்கமிருந்து ஒரு தடவை, அந்தப் பக்கமிருந்து ஒரு தடவை. விரலை எடுக்கவே இல்லை. பிறகு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, "வாங்க" என்றாள்.

பதினொன்றரைக்கு நடைமேடையின் கடைசியில் இருவரும் நின்றோம். டார்ச் அடித்துப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மேலே ஏதோ ஒரு பஸ் போனது. விரிசல் வழியாக மாவு சலித்தது மாதிரி தூசி கொட்டியது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அங்கேயே நின்று தன் மேலதிகாரிக்குப் போன் போட்டாள். அவர் கோப்பு அனுப்பச் சொல்கிறார் போல.

"கையெழுத்து நாளைக்கு வாங்கிக்கிறேன் சார். தூண் நாளைக்கு வரைக்கும் நிக்குமான்னு எனக்குத் தெரியல. நான் இப்பவே மூடுறேன். ஆமா சார், என் பொறுப்புல."

எவ்வளவு தைரியம்! இந்தப் பெண்ணையா நான் –

பன்னிரண்டே காலுக்குள் எங்கள் பக்கம் தார் டிரம்களை உருட்டி வழியை அடைத்துவிட்டார்கள். துறையின் கிடங்கும் வேலையாட்களும் எங்கள் பக்கம்தான்; அந்தப் பக்கம் அடைக்க ஆட்கள் ஜீப்பில் சுற்றிக்கொண்டு போயிருந்தார்கள், இன்னும் போய்ச் சேரவில்லை. அப்போதுதான் அந்தச் சின்ன ஹாரன் கேட்டது. அக்கரையிலிருந்து.

தடக். ஒன்று. அந்தப் பக்கமிருந்து வந்தால் நாலாவது தடக்தான் அந்தத் தூண். நான் கீழே படியில் நிற்கிறேன், பொறியாளர் என் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறாள். இரண்டு. மூன்று. எனக்குச் சாமி பெயர் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. நாலு. ஐந்து. ஆறு.

படியேறி ஓடினேன். டிரம்முக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்திவிட்டு இவர் தலையை வெளியே நீட்டினார்.

"என்னம்மா, நடுரோட்டுல டிரம்மை உருட்டி விளையாடுறீங்க?"

பஸ் நிறைய ஆட்கள் பார்க்க, ஜன்னல் வழியாக இவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். வெட்கமாவது ஒன்றாவது. இவர் பஸ்ஸுக்குப் பிறகு ஒரு வண்டியும் வரவில்லை. கீழே வந்து முகம் கழுவிவிட்டுப் பதிவேட்டில் எழுதினேன்: "12:22, பாலம் மூடப்பட்டது. பிரஷர் சரி."

மார்ச் 18, செவ்வாய்

தலைக்கு மேலே சத்தமே இல்லை. நம் மோட்டார் இவ்வளவு சத்தம் போடும் என்பதே இன்றுதான் தெரிகிறது. அப்பாடா என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கணக்கே இல்லை.

பொறியாளர் இன்று பெரிய அதிகாரிகளோடு வந்தாள். பார்த்தவர்கள் ஒருவர்கூட ஏன் மூடினாய் என்று கேட்கவில்லை. ஏன் இவ்வளவு நாள் திறந்திருந்தது என்றுதான் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் போனதும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க கத்தினது சரிதான்க்கா. கத்தின காரணம்தான் தப்பு," என்றாள். பிறகு போன வருஷம் பூசிய மேஸ்திரியைப் போனில் பிடித்து விசாரித்த கதையைச் சொன்னாள். அவர் அப்போதே கேட்டாராம், இந்தத் தூண் நல்லாத்தானே இருக்கு என்று. ஆர்டரில் இரண்டு என்று போட்டிருக்கிறது, வேலையைப் பார் என்றார்களாம். அவரும் நல்ல தூணுக்கு நன்றாகவே பூசிவிட்டுப் போயிருக்கிறார்.

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற விஷயமா இது? ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

மார்ச் 22, சனி

ஊரே என்னைத் திட்டுகிறது. பாலத்தடி டீக்கடைக்காரர் நான் கொடுத்த வணக்கத்தைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. "ஒரு விரிசலுக்கு ஊரையே ரெண்டாக்கிட்டீங்களே" என்றார். மன்னிக்க வேண்டும் டீக்கடைக்காரரே, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

இவருக்கு இப்போது பழைய பாலம் வழியாகத்தான் ரூட். இடுப்பு வலிக்கிறது, ரோடு பள்ளம், சாப்பாட்டுக்கு நேரமில்லை என்று வீட்டுக்கு வந்ததும் ஆரம்பிக்கிறார். அலுத்துக்கொள்ளட்டும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்பேன்.

மார்ச் 30, ஞாயிறு

நாத்தனார் போன். இன்றைக்கு மூன்றாவது தடவை. "நான் மட்டும் அன்னிக்குச் சரியா எண்ணலைன்னா என்ன ஆகியிருக்கும், அண்ணி?" அவள் தெருவில் எல்லாருக்கும் பாலத்தைக் காப்பாற்றியவள் அவள்தானாம். இருந்துவிட்டுப் போகட்டும். பாதி உண்மைதானே.

ஏப்ரல் 12, சனி

இரண்டாவது தூணின் இரு பக்கமும் இரும்புக் கால்களை இறக்கி, மேலே ஜாக்கி வைத்து, விட்டங்களை ஒரு விரல் அளவு தூக்கும் வேலை இன்று. மோட்டாரை நிறுத்திவிட்டுக் கரையில் போய் நிற்கச் சொன்னாள் பொறியாளர். டியூட்டி இல்லையென்று இவரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

பாரம் ஜாக்கிக்கு மாறியதுதான் தாமதம், தூணின் தலையில் ஒரு மூலை அப்படியே கழன்று ஆற்றில் விழுந்தது. எங்கள் வீட்டுப் பீரோவைவிடப் பெரியது. தண்ணீர் எழும்பி நடைமேடை முழுக்க நனைந்துவிட்டது. பொறியாளர் கத்திக் கத்தி ஆட்களை எண்ணினாள். ஒன்பது பேர். மறுபடியும் எண்ணினாள், ஒன்பதும் இருந்தார்கள். ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. அந்தத் துண்டு இத்தனை நாள் மேலிருந்த பாரத்தின் அழுத்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றாள்.

இவர் பக்கத்தில் நின்றார். அலை அடங்கும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பிடித்தார். ஊர் பார்க்கக் கையைப் பிடிக்கிற ஆளே இல்லை இவர். உள்ளங்கை ஜில்லென்று இருந்தது.

"இனிமே நீ ஏதாவது சொன்னா சிரிக்க மாட்டேன்."

"எத்தனை நாளைக்கு?"

"ஒரு வாரம் பார்க்கலாம்."

ஏப்ரல் 13, ஞாயிறு

டீக்கடைக்காரர் இன்று தானாகவே ஒரு டீ கொடுத்து அனுப்பினார். சர்க்கரை அதிகம். குடித்துவிட்டேன்.

மே 23, வெள்ளி

சாரம் கட்டி, பழைய கம்பிகளை வெட்டிப் புதுசு பின்னி, கலவை ஊற்ற ஆரம்பித்திருக்கிறார்கள். இடையில் ஒரு கூத்து. இனிமேல் குழப்பம் வேண்டாம், தூண்களுக்குப் பெரிதாக எண் எழுதிவிடலாம் என்றாள் பொறியாளர். நல்ல யோசனைதான். ஆனால் ஒன்று எந்தக் கரையில்?

இக்கரைக்காரர்கள், ஆபத்தைப் பார்த்தது நாங்கள், ஒன்று எங்களுக்கு என்றார்கள். அக்கரைக்காரர்கள், அலுவலகம் எங்கள் பக்கம் என்றார்கள். நாத்தனார் அவள் தெரு சார்பாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு மணி நேரம் இரண்டு பக்கமும் பேசித் தீர்த்தது. கடைசியில் பொறியாளர் நான்கு டப்பா பெயின்ட் வரவழைத்து எண்ணே இல்லாமல் செய்துவிட்டாள். விரிசல் விட்ட எங்கள் தூண் சிவப்பு. அக்கரைப் பக்கம் அடுத்தது மஞ்சள், பிறகு பச்சை; இக்கரையோரம் இருப்பது நீலம்.

"எந்தக் கரையிலேருந்து பார்த்தாலும் சிவப்பு சிவப்புதானே அக்கா" என்றாள்.

கோப்பிலும் அப்படியே ஏற்றிவிட்டாளாம். நான் பதிவேட்டிலும் எழுதி வைத்தேன்.

ஜூலை 4, வெள்ளி

கலவைக்கு அடித்திருந்த பலகைகளைப் பிரித்தார்கள். சிவப்புத் தூணின் தலை வழவழவென்று இருக்கிறது. நடைமேடைக் கடைசியில் காரணமில்லாமல் ஐந்து நிமிஷம் நின்றேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இரண்டு நாளாகக் கல் ஏற்றிய ஆறு லாரிகளைப் பாலத்தின் மேல் நிறுத்தி வைத்து அளந்தார்கள். பாரத்தில் பாலத்தின் இறக்கம் அனுமதித்த அளவில் பாதிகூட இல்லை என்று பொறியாளர் படியிலிருந்தே கத்திச் சொன்னாள். எனக்கு அளவெல்லாம் புரியவில்லை, அவள் சிரிப்பு புரிந்தது. மத்தியானம் டிரம்களை உருட்டி எடுத்தார்கள். மாலைக்குள் பழைய இரைச்சல் அத்தனையும் திரும்பி வந்துவிட்டது.

அவளுக்கும் மாற்றல் உத்தரவு வந்திருக்கிறது. நல்ல வேலை செய்தால் இப்படித்தான், வேறு எங்கோ ஒரு பாலம் காத்திருக்கும். போகும்போது என் வால்வுச் சீட்டுகளைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். புது அலுவலகத்தில் காட்டுவதற்காம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நாத்தனார் தன் வீட்டு மாடிக்குக் கூரை போட்டிருக்கிறாள், வந்து பாருங்கள் என்று ஒரே பிடிவாதம். இவருக்கு இன்று டியூட்டி, அதனால் இவர் பஸ்ஸிலேயே ஏறினேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நேற்று இரண்டு ஷிப்ட் பார்த்த அலுப்பு, உடம்பெல்லாம் அடித்துப் போட்டது மாதிரி இருந்தது. காற்று வேறு நன்றாக வந்தது.

யாரோ தோளைத் தட்டினார்கள். கண் திறந்தால் இவர். பஸ் காலியாக நின்றுகொண்டிருந்தது.

"இறங்கு, கடைசி ஸ்டாப்."

"பாலம் வந்துடுச்சா?"

"அது போயி இருபது நிமிஷம் ஆச்சு. கண்ணாடியில பார்த்தேன், வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கிட்டிருந்த. எழுப்ப மனசு வரல."

நான் பாலத்தின் மேல் தூங்கியிருக்கிறேன். நான்! நாத்தனாரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். சாப்பாட்டு நேரமென்று கூடவே வந்தவர், அவள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.